மாடு மேய்த்தவர் தீட்டிய மாடு

1886–87 குளிர்காலம் அமெரிக்காவின் மொன்டானா மேய்ச்சல் நிலங்களைச் சூறையாடியது. முந்தைய கோடையில் மழை பொய்த்துப் புல் கருகியிருந்தது. அதன்மேல் விழுந்த பனி கொஞ்சம் உருகி, மறுபடி உறைந்து கெட்டிப்பட்டுவிட்டது. குதிரை குளம்பால் பனியைப் பறித்துப் புல் தேடும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. திறந்தவெளியில் மேய விட்டே வளர்த்ததால் தீவனம் சேர்த்து வைத்தவர்களும் குறைவு. மந்தை மந்தையாக மாடுகள் செத்தன.

ஹெலினா நகரிலிருந்த மாட்டு முதலாளி லூயிஸ் காஃப்மன், மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டுப் பண்ணைக்கு எழுதினார். என்ன பதில் எழுதுவது? பண்ணையில் தங்கியிருந்த 22 வயது மாட்டுக்காரர் சார்லஸ் ரஸ்ஸல், கையகல அட்டையில் ஒரு நீர்வண்ணப் படம் தீட்டிக் கொடுத்தார். விலா எலும்பு துருத்திய ஒற்றை மாடு, பனியில் கூனி நிற்கிறது. சுற்றிலும் ஓநாய்கள். 'சினூக்குக்காகக் காத்திருத்தல்' என்று அதற்குப் பெயர். சினூக் என்பது ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் வெதுவெதுப்பான காற்று. மலை ஏறும்போது ஈரத்தை உதிர்த்துவிட்டு, இறங்கும்போது அழுத்தத்தால் சூடேறி, பனியை மளமளவென்று கரைத்துவிடும். அது வந்தால்தான் மாடு பிழைக்கும். கடிதத்துக்குப் பதிலாகப் படமே போனது. ஹெலினாவில் அதைப் பார்த்தவர்கள் வழியாக ரஸ்ஸலின் பெயர் பரவியது.

அவருக்கு முறையான ஓவியப் பயிற்சி இல்லையென்றே சொல்லலாம். செயின்ட் லூயிஸின் வசதியான குடும்பத்துப் பிள்ளை, 16 வயதில் மொன்டானா வந்தவர், 1882 முதல் மந்தைக்கு இரவுக் காவல் பார்த்தார். அவரை ஓவியராக்கியது இந்த வேலைதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் பகலில் மாடு மடக்கி, சுருக்குக் கயிறு வீசி, சூடு போடும்போது, அருகிலிருந்து பார்க்கவும் வரையவும் அவருக்குப் பொழுது கிடைத்தது. கயிறு விண்ணென்று இறுகும் நொடியில் குதிரை எப்படிக் காலூன்றும், மாடு எப்படித் துள்ளும் என்பதெல்லாம் அவர் ஓவியங்களில் அவ்வளவு துல்லியம்.

சட்டைப்பையில் மெழுகு வைத்திருப்பார். பேச்சு நடக்கும்போதே விரல்கள் அதைப் பிசைந்து ஒரு குதிரையையோ கரடியையோ உருட்டி எடுத்துவிடும். ஓவியத்துக்காகவும் இப்படிச் சிற்றுருவங்கள் செய்து, வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழும் விதத்தைப் பார்த்துக்கொள்வார்.

1893-இல் மாட்டு வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். 1912-இல் மொன்டானா சட்டமன்றத்துக்காக 25 அடி நீள ஓவியம் ஒன்று தீட்டினார். மேற்கே வழி தேடிச் சென்ற பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் சாலிஷ் பழங்குடியினரைச் சந்திக்கும் காட்சி. வெள்ளையர் தலைவர்கள் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறார்கள். முன்னால் புழுதி கிளப்பி வருபவர்கள் சாலிஷ் குதிரை வீரர்கள்.