மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் பாடசாலை என்பது நெடுங்காலம் ஒரே மண்டபமாகவும் ஒரே ஆசிரியராகவும் இருந்தது. தோட்ட நிர்வாகமே அதை நடத்தியது; கொழுந்து பறிக்கப் போகும் வயதுக்குள் பிள்ளைக்கு எழுத்து தெரிந்தால் போதும் என்பதே கணக்கு. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் இப்பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பின்னர் சுவீடனின் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, மலையக இளைஞர்களையே ஆசிரியர்களாக்கியது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான்: லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவருக்கு லயத்துப் பிள்ளையின் தயக்கம் புரியும்.

இப்பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம், மூன்றாவதாக ஆங்கிலம். பாடத்திட்டப்படி முதல் இரு வகுப்புகளில் பேச்சுப் பயிற்சி, தரம் 3இலிருந்து முறையான பாடம். ஆனால் நாள்சம்பள வீட்டில் மேலதிக வகுப்புக்குப் பணம் இராது. ஆங்கிலம் பேசிக் காட்டவும் ஆளிராது. அதனால் முழுப் பாரமும் பாடசாலையின் மேல் விழுகிறது. ஆங்கில ஆசிரியர் நகரத்துக்கு மாற்றலாகிப் போனால் அந்த வகுப்பே நின்றுவிடும்.

இத்தனைக்கும் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. லயம், பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) எல்லாம் ஆங்கிலத்திலிருந்து தோட்டத்துத் தமிழில் கலந்த சொற்கள். தெரிந்த இச்சொற்களில் பாடத்தைத் தொடங்கி, தமிழில் விளங்கவைத்து, பிழைக்கு அடிக்காமல் பேசவிடும் வகுப்பில் பிள்ளையின் வாய் திறக்கிறது. எழுத்தும் இலக்கணமும் அதன் பின்னர் வரலாம்.