வெற்றிடமும் நம் ஊர்க் காற்றும்

இளநீரில் குழலை இட்டு உறிஞ்சும்போது, நீரை நாமே மேலே இழுப்பதாக எண்ணுகிறோம். நாம் செய்வதெல்லாம் குழலிலுள்ள காற்றைக் குறைப்பது மட்டுமே. காய்க்குள் இருக்கும் நீரை வெளிக்காற்று அழுத்துகிறது. அந்த அழுத்தமே நீரைக் குழலில் ஏற்றிவிடுகிறது. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால் ஆய்வுக்கூடத்து வெற்றிடப் பம்புகள் அனைத்தும் எளிதில் விளங்கிவிடும்.

காற்று தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறக்குறைய 10.3 மீட்டர். நீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசமாயின் 760 மில்லிமீட்டர். இதனை 1643-இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஆட்டோ வான் கெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பை அமைத்தார். 1865-இல் ஸ்பிரெங்கல் என்பவர் பாதரசத் துளிகளால் காற்றை வாரிச் செல்லும் பம்பைக் கண்டார். அத்தகைய பம்புகள் கிடைத்த பின்னரே 1879-இல் எடிசனின் மின்விளக்கில் இழை எரிந்து போகாமல் ஒளிவிட்டது.

இன்று நம் ஆய்வுக்கூடங்களில் காணப்படும் பம்புகளுள் மூன்றினை இங்கே காண்போம். நூல்கள் இவற்றைப் பற்றிக் கூறுபவை பெரும்பாலும் குளிர்நாட்டு அனுபவங்கள். கொச்சிக் கடற்கரையின் வெப்பமும் ஈரமும் கணக்கிற் சேரும்போது நிலைமை வேறாகிறது.

முதலாவது, நீர்த்தாரைப் பம்பு. குழாயில் பொருத்திய சிறு கூம்பின் வழியே நீர் விரைந்து பாய்கிறது. பக்கக் குழாயிலுள்ள காற்றையும் தன்னுடன் அடித்துச் செல்கிறது. இதில் ஓடும் உறுப்பு இல்லை, எண்ணெய் இல்லை, விலையும் சொற்பம். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அழுத்தம் குறையக் குறைய, பாயும் நீரே ஆவியாகத் தொடங்கிவிடும். 15 டிகிரி வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 13 மி.மீ.; 30 டிகிரியில் சுமார் 32 மி.மீ. குளிர்நாட்டு நூலொன்றில் கண்ட அழுத்தம் இங்கே குழாய் நீரில் கிட்டவில்லையென்றால், பம்பின்மீது குற்றம் சொல்வதற்கு முன் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். உதகமண்டலத்தின் குளிர்ந்த நீர் தரும் வெற்றிடத்தை நம் ஊர் நீர் தருவதற்கில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இப்பம்பு நிமிடத்துக்கு 5 முதல் 10 லிட்டர் வரை நீரைக் கழிவாக்குவது சாதாரணம். ஒரு மணி நேரத்தில் 300 முதல் 600 லிட்டர்! கும்பளங்கியைப் பாருங்கள். நாற்புறமும் காயல், ஆனால் அது உப்பு நீர். கோடையில் அங்கே குடிநீர்க் குழாயின் அருமை தெரியும். அத்தகைய நீரை ஒரு வடிகட்டலுக்காகச் சாக்கடையில் விடுவது நியாயமா? ஒரு தொட்டியில் நீரை நிரப்பி, சிறு மின்பம்பால் அதனையே சுழலவிட்டு, பனிக்கட்டியும் இடலாம். நீர் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 மி.மீ. அளவுக்கு நெருங்கலாம். நீரும் மிச்சம், வெற்றிடமும் மேல்.

இரண்டாவது, எண்ணெய் இட்ட சுழல் பம்பு. ஓர் உருளைக்குள் மையம் விலகிய சுழலி சுற்றுகிறது. அதிலுள்ள தகடுகள் காற்றை ஒருபுறம் ஏற்று, நெருக்கி, மறுபுறத்து அடைப்பிதழைத் திறந்து வெளியேற்றுகின்றன. எண்ணெய் இடுக்குகளை அடைத்துக் காற்றுப் புகாமல் காக்கிறது. நல்ல பம்பு ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை செல்லும்.

இதற்குப் பகை நீராவி. பாத்திரத்திலிருந்து 10 மி.மீ. அழுத்தத்தில் வெறும் நீராவி மட்டும் வருவதாகக் கொள்வோம். அடைப்பிதழைத் திறக்க அது 760 மி.மீ.க்கு மேல் நெருக்கப்படவேண்டும். பம்பு 70 டிகிரியில் இருந்தால், சுமார் 234 மி.மீ.யை எட்டியதுமே ஆவி நீராகிவிடும்! அந்நீர் எண்ணெயோடு கலந்து பால்போல் வெளுக்கும், வெற்றிடம் கெடும், உள்ளே துருவும் பிடிக்கும். இதற்குப் பரிகாரத்தை 1935-இல் ஜெர்மானிய அறிஞர் கேடே கண்டார். நெருக்கும் வேளையில் சிறிது வெளிக்காற்றை உள்ளே விட்டால், ஆவி நீராவதற்கு முன்னரே அடைப்பிதழ் திறந்து, இரண்டும் வெளியேறிவிடும். பம்பின் மேலுள்ள சிறு திருகு இதற்காகவே அமைந்தது. ஈரமான பொருளை உலர்த்துமுன் பம்பை அரைமணி நேரம் தனியே ஓட்டிச் சூடாக்குங்கள். திருகைத் திறந்து வையுங்கள். ஈரம் அகன்றபின் மூடுங்கள். இடவப்பாதி மழை மாதங்களில் இது மிக அவசியம்.

மூன்றாவது, பரவல் பம்பு. இதன் அடியில் எண்ணெய் கொதிக்கிறது. அதன் ஆவி மேலெழுந்து, குடைபோன்ற வாய்களின் வழியே கீழ்நோக்கிச் சீறிப் பாய்கிறது. வழிதவறி வந்த காற்று மூலக்கூறுகளைக் கீழே தள்ளுகிறது. அங்கே சேர்ந்ததைச் சுழல் பம்பு அகற்றும். சுழல் பம்பின் துணையின்றி இது இயங்காது.

இத்தனை முயற்சி எதற்கு? விடை நம் ஜவ்வாது மலையில் இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கி, 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். ஆடியின்மீது அலுமினியத்தைப் படியவைக்கும் வெற்றிடக் கலமும் அங்கேயே உண்டு. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மி.மீ.யின் பதினாயிரத்தில் ஒரு பங்கு தூரம் செல்வதற்குள் மற்றொன்றில் மோதிவிடும். அழுத்தம் லட்சத்தில் ஒரு பங்கு மி.மீ. ஆனால் ஏறக்குறைய 5 மீட்டர் தடையின்றிச் செல்லும். ஆவியான அலுமினிய அணு நேரே சென்று ஆடியில் படிவது அப்போதுதான். அந்நிலையிலும் ஒரு கன சென்டிமீட்டரில் முப்பதாயிரம் கோடிக்கு மேல் மூலக்கூறுகள் எஞ்சியிருக்கும்! ‘வெற்றிடம்’ என்பது ஒப்புக்குச் சொல்லும் பெயரே.

இத்தகைய கலத்தைத் திறந்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பின்னர் மெல்ல மெல்ல விடுபட்டு மணிக்கணக்கில் தொல்லை தரும். ஆகவே உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டுத் திறந்து, வேலை முடிந்ததும் உடனே மூடவேண்டும்.

இறுதியாக, உயிருக்கும் கண்ணுக்கும் உரிய எச்சரிக்கைகள். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான குடுவை அடியில் வெற்றிடம் ஏற்பட்டால், அதன்மேல் ஏறக்குறைய 80 கிலோ ஏறி நிற்கிறது எனலாம். ஆதலால் தட்டையடிக் குடுவையும் கீறல் விழுந்த குடுவையும் கூடா. கண்ணாடிக் கவசம் அணிக. மின்சாரம் நின்றால் பம்பின் எண்ணெயோ குழாய் நீரோ பின்னோக்கிப் பாய்ந்து, பல மாத உழைப்பின் பயனை நொடியில் பாழாக்கலாம். இடையே ஒரு காப்புக் குடுவையை வையுங்கள். பம்பை நிறுத்தியதும் அதற்குள் காற்றை விடுங்கள். பரவல் பம்பாயின் மேல் அடைப்பை முதலில் மூடி, எண்ணெய் குளிரும்வரை சுழல் பம்பை ஓடவிடுங்கள். சூடான எண்ணெயில் காற்றுப் பட்டால் அது கருகிவிடும்.

நண்பர்களே, கருவியை வாங்குவது பணத்தால் முடியும். நம் நீரின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் அறிந்து அதனை ஆள்வது நம் அறிவால்தான் முடியும். அடுத்த முறை பம்பின் விசையைத் தட்டுமுன், சுவரில் தொங்கும் வெப்பமானியை ஒருமுறை பாருங்கள்.