உலோகம் படித்தவர்கள் உட்கார்ந்த நாற்காலி

அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், லிங்கங்களைப் பார்ப்பார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள மண்ணில் இரும்பு இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது உண்டு. அங்கே சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராம மக்கள் எதிர்த்து நின்றார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே, சங்கராபுரம் வட்டாரத்து மேல்சிறுவளூரில், மண்மூசைக்குள் இரும்பை உருக்கி எஃகு செய்த பழைய உலைக்களத்தின் எச்சங்களை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டார். இந்த வகைத் தென்னிந்திய எஃகுதான் ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ என்று பெயர் எடுத்தது. 1820ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடே இதன் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றார்.

அந்தக் கொல்லர்களுக்கு அணு தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், எப்போது துவைச்சல் போட வேண்டும் என்பது கைக்குத் தெரியும். நவீன இந்தியாவில் இந்த வேலை 1963இல் ஹைதராபாத்தில் தொடங்கிய பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்துக்குப் போனது. டி.எம்.ஆர்.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பீரங்கிக்கும் போர்க்கப்பலுக்கும் விமான எஞ்சினுக்கும் உலோகம் தேடுவது அதன் பணி. ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கிக்கு முன்கவசமாக இருக்கும் ‘காஞ்சன்’ அங்கே பிறந்ததுதான். ஆய்வகம் இருக்கும் காஞ்சன்பாக் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் அது.

இந்த ஆய்வகத்தின் தலைமை நாற்காலியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் ஒரு சுவாரஸ்யம். 1970களில் இயக்குநராக இருந்த வி.எஸ். அருணாசலம் (ஆம், திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் மலையின் பெயர்தான்) உலோகவியல் பட்டத்தோடு தொடங்கியவர் அல்ல. முதுகலையில் படித்தது இயற்பியல். வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பாபா அணு ஆராய்ச்சி மையம், பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம், பிறகுதான் ஹைதராபாத். 1982இல் அவருக்குப் பின் வந்த பி. ராமா ராவும் இயற்பியல் முதுகலைப் பட்டதாரியே. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டி.ஆர். அனந்தராமனிடம் உலோகம் கற்று, அங்கேயே பாடம் நடத்தி, வகுப்பறையிலிருந்து ஆய்வகத்துக்கு வந்தவர்.

இரும்பு உருக்கும் இடத்துக்கு இயற்பியல்காரர்கள் ஏன்? காரணம் 1934இல் இருக்கிறது. உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை இன்னொன்றின் மேல் முழுசாக நழுவ எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். விடை, உண்மையான உலோகம் வளையும் விசையைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு அதிகமாக வந்தது. கணக்கு சரி, உலோகம்தான் சொன்னபடி கேட்கவில்லை. டெய்லர், ஒரோவன், போலான்யி என்ற மூவர் தனித்தனியே ஒரே ஆண்டில் விளக்கம் சொன்னார்கள்: அடுக்கில் ஒரு கோடு அளவுக்குப் பிசகு இருக்கிறது; அந்தப் பிசகு நகர்ந்தாலே போதும், உலோகம் வளைந்துவிடும். பௌர்ணமி அன்று கோயில் தரிசன வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் அடி எடுத்து வைப்பதில்லை அல்லவா? முன்னால் ஒருவர் நகர, அந்த இடைவெளி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் வரிசை ஓரடி முன்னேறியிருக்கும். பிசகு நகர்வதும் அப்படியே. அதை வழிமறித்தால் உலோகம் உறுதியாகிறது. கார்பனோ குரோமியமோ சேர்ப்பதும், சுத்தியால் அடிப்பதும், துவைச்சல் போடுவதும் எல்லாம் இந்தப் பிசகை மறிக்கும் வேலைகளே. இது புரிந்த நாளிலிருந்து உலோகவியல் பாதி இயற்பியலாகிவிட்டது.

அடுத்த தலைமுறை வேறு வழியில் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பொறியியல் படித்த தீபங்கர் பானர்ஜி, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் முனைவராகி, ஆய்வகத்திலேயே வளர்ந்து 1990களில் இயக்குநரானார். டைட்டானியமும் அலுமினியமும் கலந்தால் லேசான, சூடு தாங்கும் பொருள் கிடைக்கும். ஆனால் படக்கென்று உடையும். அதில் நியோபியம் சேர்த்துப் பார்த்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஓர் அணு அடுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. 1988இல் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். ‘ஓ’ கட்டம் என்ற பெயரில் இன்று உலகெங்கும் அதைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். நாற்காலி கிடைப்பதற்கு முன்பே அவர் கையில் இருந்த தகுதி அது. என் பார்வையில் எந்த நேர்காணல் குழுவும் கேட்டு வாங்க முடியாத தகுதி.

இப்படிப்பட்டவர்தான் வேண்டுமா, நல்ல நிர்வாகி போதாதா என்று கேட்கலாம். ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடைப் பாருங்கள். அதன் மேல் பாயும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடு செய்யும் நிக்கல் கலவை அதற்கு முன்பே உருகிவிடும். பிளேடுக்குள் குடைந்த நுண் வழிகளில் காற்று ஓடுவதால்தான் அது பிழைக்கிறது. சாதாரண உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களின் கூட்டம். கடும் சூட்டில் படிகங்களின் ஓரங்களில்தான் முதலில் பிளவு விடும். ஆகவே முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். மெழுகில் உரு செய்து, அதைச் சுற்றிப் பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் விக்கிரகம் வார்க்கும் அதே மெழுகு முறை. வித்தியாசம் பிளேடு அச்சின் அடியில் இருக்கிறது: அங்கே சுருள் வடிவில் ஒரு குறுகிய வழி. கீழிருந்து பல படிகங்கள் போட்டி போட்டு வளர்ந்து வரும். சுருளைத் தாண்டி ஒன்றுதான் மேலே போக முடியும். அந்த ஒன்று பிளேடு முழுவதையும் நிரப்பும்.

2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக இப்படிப்பட்ட 60 பிளேடுகளை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்கு இந்த ஆய்வகம் கொடுத்தது. உலகில் இதைச் செய்யத் தெரிந்த நாடுகள் மிகச் சில. பெருமைதான். ஆனால் நம் ஆற்றின் பெயரை வைத்த காவேரி எஞ்சின் தேஜஸ் போர் விமானத்தில் ஏறவில்லை, அதில் அமெரிக்க எஞ்சின் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலோகம் ஒருவர் பதவிக்காலத்தில் முடிகிற வேலை அல்ல. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் அடித்தளம் 2009இல் போடப்பட்டு, கப்பல் 2022இல் கடற்படையில் சேர்ந்தது. அதற்கான எஃகுக் கலவையை இந்த ஆய்வகம் வகுக்க, அரசின் எஃகு நிறுவனமான செயில் சுமார் 30,000 டன் உருக்கிக் கொடுத்தது. அந்தக் காலத்துக்குள் இயக்குநர்கள் பலர் மாறிவிட்டார்கள். இன்று அனுமதி கொடுப்பவர் பலனைப் பார்க்கப் போவதில்லை. அது தெரிந்தே கையெழுத்துப் போட, உலைப் பக்கத்தில் நின்ற பழக்கம் இருக்க வேண்டும். கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு மூன்றாம் ஆண்டிலேயே அந்தத் திட்டம் வீண் செலவாகத் தெரியும்.

இந்த நாற்காலி மேலும் ஒன்று செய்தது. அருணாசலம் 1982இல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகி, பத்து ஆண்டு நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி முழுவதையும் நடத்தினார். அப்துல் கலாமின் ஏவுகணைத் திட்டத்துக்கு 388 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது அந்தக் காலத்தில். அவருக்குப் பின் கலாம், கப்பல் சோனார் செய்த ஆத்ரே, ஆவடியில் அர்ஜுனை உருவாக்கிய நடராஜன் என்று பல துறையினர் அந்த இடத்துக்கு வந்தார்கள். 2022இல் மறுபடியும் ஓர் உலோகக்காரர்: 1989இல் சாதாரண விஞ்ஞானியாக இந்த ஆய்வகத்தில் சேர்ந்து, 2015இல் இயக்குநரான சமீர் காமத்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கலந்தாய்வில் உலோகவியல் என்ற பிரிவைப் பார்த்தவுடன் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகாதீர்கள். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் அது இருக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது. இயற்பியல் பிடித்திருந்தால் அந்த வழியாகவும் போகலாம். அருணாசலமும் ராமா ராவும் அப்படிப் போனவர்கள்தான்.