கொசுவும் சட்டமும்

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை ஒழிக்க வழிதேடி, 2010 டிசம்பரில் பெந்தோங் அருகே ஆளில்லாக் காட்டில், மரபணு மாற்றிய 6,000 ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். ஆண் கொசு கடிக்காது. இவற்றின் குஞ்சுகளும் பெரும்பாலும் வளருமுன் மடிந்துவிடும்.

இதை அனுமதிப்பது 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம். விஞ்ஞானிகள் குழு ஆபத்தை ஆராய்ந்து ஆலோசனை கூறும். முடிவெடுப்பது தேசிய வாரியம். சமூக, பொருளாதார நிலையையும் வாரியம் கருதலாம்.

கொசு எத்தனை நாள் வாழும் என்பதை விஞ்ஞானி சொல்வார். எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதையோ மக்களும் சேர்ந்தே சொல்லவேண்டும். கொசு விட்ட செய்தி 2011 ஜனவரியில்தான் பலருக்கு எட்டியது, எதிர்ப்பும் எழுந்தது. ஆகவே, மக்கள் கருத்தைக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தால், லயத்தில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்போம். நம் கேள்விகளை எழுதி அனுப்புவோம்.