முள் சொல்றது நெஜமா?

1969-ல் வந்த ஹோண்டா சிபி 750-க்கு நாலு சிலிண்டர், நாலு கார்புரேட்டர். நாலும் ஒரே அளவு இழுக்கலைன்னா ஐடிலிங்கில் வண்டி உதறும். அதைப் பார்க்கத்தான் வேக்குவம் கேஜ். ஆனா பாஸ், நாலு கேஜும் ஒரே மாதிரி காட்டும்னு யார் சொன்னது? ஒரே சிலிண்டரில் ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. அப்பவும் முள் வேற வேற இடத்துல நின்னா, குறை கேஜில்தான். கார்புரேட்டர் ஸ்குரூவைத் தொடாதீங்க! வித்தியாசத்தைக் குறிச்சு வெச்சுக் கழிச்சுக்கலாம்.

முள் தடதடன்னு ஆடுதா? மீன் தொட்டிக் கடை ஏர் வால்வை ஹோஸில் சொருகி லேசா மூடினா அடங்கும்.

ரெண்டே கார்புரேட்டர்னா கேஜே வேணாம். நீளமான ட்யூப்பை யூ மாதிரி வளைச்சு, கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தினா போதும். ஆயில் ஏறுற பக்கம் இழுப்பு அதிகம். ட்யூப் குட்டையா இருந்தா, ஆயிலை இன்ஜினே குடிச்சிடும்!