கலைத்த நாளில் வந்த பட்டியல்

சட்டப்பேரவையின் ஆயுள் ஐந்தாண்டு என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அரசியலமைப்பின் 172ஆம் பிரிவு, இடையில் கலைக்கப்படாவிட்டால்தான் அந்த ஐந்தாண்டு என்கிறது. இந்த நிபந்தனையை ஓர் ஆளுங்கட்சி தனக்குச் சாதகமாக எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்குத் தெலங்கானாவின் 2018ஆம் ஆண்டுத் தேர்தலையே நான் சான்றாகக் கொள்வேன்.

அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள், முதலமைச்சர் சந்திரசேகர ராவின் அமைச்சரவை பேரவையைக் கலைக்கப் பரிந்துரைத்தது, ஆளுநரும் இசைந்தார். பதவிக்காலமோ இன்னும் எட்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. அன்றைய தினமே, 119 தொகுதிகளில் 105க்கு வேட்பாளர் பட்டியலையும் அவர் வெளியிட்டுவிட்டார். (அவருக்கு ஆறு ராசியான எண் என்று பத்திரிகைகள் எழுதின. நாளும் ஆறு, 105இன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஆறு!)

ஏன் இந்த அவசரம்? 2019 கோடையில் மக்களவைத் தேர்தல் வரவிருந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தால், டெல்லியில் யார் ஆள்வது என்ற பேச்சே மேலோங்கும். தனியே நடந்தால், ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் கொடுத்த உழவர் உதவித் திட்டம் பேசப்படும். இக்கணக்கு பொய்க்கவில்லை. டிசம்பரில் அவர் கட்சி 88 இடங்களை வென்றது. 2014இல் பெற்றதோ 63. ஐந்தே மாதங்களில் நடந்த மக்களவைத் தேர்தலில், 17 தொகுதிகளில் ஒன்பதுதான் அக்கட்சிக்குக் கிடைத்தன.

பட்டியலை ஏன் அன்றே வெளியிட வேண்டும் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. பேரவை கலைந்தால் உறுப்பினருக்குப் பதவி போயிற்று. மறுபடி இடம் கிடைக்குமா என்று தெரியாதவர் வேறு கட்சியின் வாசலைப் பார்க்கத் தொடங்குவார். ஆகவே அன்று பழைய உறுப்பினர்களில் இருவருக்கு மட்டுமே இடம் மறுக்கப்பட்டது. மற்றவர்கள் உடனே தொகுதிக்குப் போய்விட்டார்கள். எதிரே காங்கிரஸ், தெலுங்கு தேசம் உள்ளிட்ட நான்கு கட்சிகள் நவம்பர் வரை இடங்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன.

எனினும் தேதியைக் குறிப்பது தேர்தல் ஆணையமே. 2003 நவம்பரில் ஆந்திரப் பேரவையைக் கலைத்த சந்திரபாபு நாயுடுவுக்கு, அவர் விரும்பியவாறு விரைவில் தேர்தல் வரவில்லை. 2004 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்ந்தே வந்தது. 294 இடங்களில் அவர் கட்சிக்குக் கிட்டியவை 47.

சந்திரசேகர ராவும் 2023இல் அதே உத்தியில் பாதியை மட்டும் கையாண்டார். ஆகஸ்டு 21 அன்றே 115 பெயர்களை அறிவித்தார்; பெரும்பாலோர் பழைய உறுப்பினர்களே. ஆனால் தேர்தல் உரிய காலத்தில்தான் நடந்தது. எதிரணிக்கு ஆயத்தமாகப் போதிய அவகாசம் இருந்தது. பழைய முகங்கள் மீது மக்களுக்கிருந்த சலிப்பும் முற்றியிருந்தது என்பது என் கருத்து. காங்கிரஸ் 64 இடங்களைப் பெற்று ஆட்சியைப் பிடித்தது. அவருக்கு மிஞ்சியவை 39.