எலும்பு வரை போகும் உப்பு

இத்தாலியின் பார்மா நகருக்குத் தெற்கே, அப்பென்னைன் மலையடிவாரத்தில் லாங்கிரானோ என்றொரு சிற்றூர். அங்குள்ள கூடங்களில் மலைக்காற்று வர நெட்டையான சன்னல்கள். உள்ளே வரிசை வரிசையாகப் பன்றித் தொடைகள் தொங்கும். இதுதான் ப்ரொஷூட்டோ. அடுப்பில் ஏற்றுவதில்லை, புகை போடுவதில்லை. நம் உப்புக்கண்டத்துக்கு ஒருவகையில் உறவு. ஆனால் நாம் கறியைத் துண்டு போட்டு வெயிலில் காயவைக்கிறோம். அவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ தொடையை எலும்போடு முழுசாகப் பதப்படுத்துகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

மேலே தடவிய உப்பு எலும்பை எட்ட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கிருமிகள் முந்திக்கொண்டால் எலும்பை ஒட்டிய சதை வெளியே தெரியாமலே கெட்டுவிடும். அதனால் தொடையை 1 முதல் 4 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். கிருமிகள் முடங்கிக் கிடக்க, உப்பு மெல்ல உள்ளே இறங்கும். குளிர்சாதனம் இல்லாத நாளில் உப்புப் போடுவது குளிர்கால வேலை.

உப்புப் போடுபவருக்கு அங்கே 'மாயெஸ்த்ரோ' என்று ஆசான் பட்டமே உண்டு. தோல்பக்கம் ஈர உப்பு, சதைப்பக்கம் உலர்ந்த உப்பு. ஒரு வாரம் கழித்து மிச்ச உப்பைத் தட்டிவிட்டு மறுபடி போட்டு, இன்னும் இரண்டு வாரத்துக்குமேல் வைப்பார்கள். கூடினால் கரிக்கும், குறைந்தால் கெடும். நைட்ரைட் முதலிய எந்த வேதிப்பொருளும் சேர்ப்பதில்லை என்பதால் எல்லாம் அந்தக் கையளவில்தான் இருக்கிறது.

பிறகு குளிரறையில் இரண்டு மூன்று மாதம். உப்பு சீராகப் பரவியதும் கழுவி, காற்றில் தொங்கவிடுவார்கள். தோல் மூடாத இடம் காய்ந்து வெடிக்காமலிருக்க, பன்றிக் கொழுப்பில் அரிசிமாவு கலந்து பூசுவார்கள். கடைசி மாதங்கள் நிலவறையில். சதையிலேயே உள்ள நொதிகள் புரதத்தை உடைத்து மென்மையும் சுவையும் தருகின்றன. வெட்டும்போது தெரியும் வெள்ளைப் பொடிப்புள்ளிகள் அப்படிப் பிரிந்துவந்த டைரோசின் என்ற அமினோ அமிலம். சிவப்பு நிறத்துக்குக் காரணம், இரும்பின் இடத்தில் துத்தநாகம் அமர்ந்த ஒரு நிறமி. இதற்குள் எடையில் கால் பங்குக்குமேல் போயிருக்கும்.

குறைந்தது 14 மாதம் ஆன பிறகே பார்மாவின் ஐம்முனைக் கிரீட முத்திரை. அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. குதிரை எலும்பில் செய்த ஊசியை ஐந்து இடங்களில் குத்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார்கள். நுண்துளைகள் உள்ள அந்த எலும்பு மணத்தைச் சட்டென்று வாங்கும், சட்டென்று விடும். அதனால் ஒரு குத்தின் வாசனை அடுத்ததில் கலப்பதில்லை. உள்ளே எங்காவது உப்பு எட்டாமல் போயிருந்தால், அந்த மூக்கு கண்டுபிடித்துவிடும்.